இருபதாயிரம் கன அடி

நேற்று ராத்திரி பிலிகுண்டுலுவில் எட்டாயிரம்.
விடிந்து டீக்கடை டிவியில் பார்த்தால் இருபதாயிரம்.
மத்தியானத்துக்குள் நாற்பதைத் தொடும் என்று சொல்லி
பரிசலைப் பாறையில் கவிழ்த்துவிட்டு
அதன் நிழலில் உட்கார்ந்து
பீடி பற்றவைத்தார் மாதையன்.

பரிசல் கவிழ்ந்த அன்றைக்கே
எங்கள் விடுதியும் கவிழும்.
பதினெட்டு அறையில் பதினொன்றில் ஆள் இருந்தது.
பெங்களூர்க் குடும்பங்கள்
ஈரத்துணியை அப்படியே பையில் திணித்துக்கொண்டு
குளிக்கவும் தடை, பரிசலும் இல்லை, பிறகென்ன என்று
கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
எண்ணிக் கொடுத்துவிட்டு
மேனேஜர் கேசவலு எங்களைப் பார்த்தார்,
நாங்கள்தான் மதகைத் திறந்தோம் என்பது போல.

எனக்கு நாள் சம்பளம், ஐநூற்றைம்பது.
சாப்பாட்டுக்கு எழுபது பிடிப்பார்கள்.
ஆள் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது,
பிடித்தம் மட்டும் உண்டு.
இதை ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டேன்.
அவரும் சிரித்துக்கொண்டே
சாப்பிடாதே என்றார்.

முப்பத்தாறு படுக்கை விரிப்பு துவைத்துப் போட்டேன்.
சாரலில் எதுவும் காயாது.
குளியலறைகளில் பாதி தேய்ந்த சோப்புகளைப் பொறுக்கி
பையில் சேர்த்துக்கொண்டேன்.
ஊரில் என் மகள் மேல்
எப்போதும் ஒரு விடுதி வாசனை.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே என் ஊர்.
பென்னாகரம், தருமபுரி, சேலம், திருச்சி, தஞ்சாவூர்,
ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும்.
ஏறக்குறைய ஆறு போகிற வழிதான்.
ஆற்றுக்கு டிக்கெட் இல்லை.

சாயங்காலம் வேம்பு கூப்பிட்டாள்.
குரலிலேயே தண்ணீர் இருந்தது.
"கபினி ரொம்பிடுச்சாமே, டிவியில சொன்னான்.
மேட்டூரு தொறந்துட்டா இந்த வருஷம் நடவு உண்டு."
எங்களுக்கு வயல் ஒரு குழிகூட இல்லை.
நடவு என்றால் அவளுக்கு
குனிந்த முதுகும், நாளுக்கு முந்நூறும்,
பத்து மணி டீயும்.

இங்கே என் கூலியை அடித்துக்கொண்டு போகிற தண்ணீர்தான்
அங்கே அவள் கூலியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.
மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து,
முறை வைத்து விட்டு, எங்கள் கடைமடை வாய்க்கால்
நனைவதற்கு எப்படியும் முப்பது நாள்.
நடுவில் நாலு செவ்வாய்க்கிழமை.
குழுக் கடன்காரன் செவ்வாய்தோறும்
எண்ணூற்று நாற்பதுக்கு வந்து நிற்பான்.
அவனுக்கு எந்த அணையும் இல்லை.

"ஒங்களுக்கு அங்க கூட்டம் எப்புடி?" என்றாள்.
நல்ல கூட்டம் என்றேன்.
"அது என்ன அப்புடி இரைச்சல்?"
அருவி எனக்குப் பின்னால்
வெறும் படித்துறைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது.
அதான் சொன்னேனே, கூட்டம் என்றேன்.

காவேரிப்பட்டணத்தில் மாம்பழக்கூழ் கம்பெனி.
பழம் தீர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறதாம்,
பெட்டி தூக்க ஆள் வேண்டுமாம்.
மாதையனின் மச்சான் அங்கே மேஸ்திரி.
ராத்திரி ஷிப்டுக்கு நூறு கூட.
சுக்ராமும் வருகிறேன் என்றான்.
ஜார்க்கண்ட் பையன், வயது இருபது.
அவன் ஊர்ப் பக்கம் போகிற ஆறு
இங்கே எதுவும் இல்லை.

கிளம்பும்போது கேசவலு
தண்ணி வடிஞ்சா போன் பண்றேன் என்றார்.
சரி சார் என்றேன்.
பஸ் மலையேறும்போதுதான் யோசித்தேன்,
வடிய வேண்டும் என்று நினைப்பதா,
வேண்டாம் என்றா.
வளைவுக்கு வளைவு மாறி மாறி நினைத்தேன்.

ஜன்னலில் தலை சாய்த்திருந்த சுக்ராம்
அரைத்தூக்கத்தில் கேட்டான்,
காவேரிப்பட்டணத்திலும் இதே ஆறுதானா என்று.
இல்லடா, அது தென்பெண்ணை.
பேரு மட்டும்தான் காவேரி.
நல்லது என்று சொல்லிவிட்டு
மறுபடி தூங்கிப் போனான்.