ஃபால்ஸ் சீலிங்

முதல் புழு விழுந்தது
திருமங்கலத்துக்காரர் ஒருவரின் போன் மேல்.
டிஸ்பிளே கழற்றி விரித்து வைத்திருந்தேன்.
அரிசி என்று நினைத்து ஊதினேன்.
அரிசி நடந்தது.

டவுன்ஹால் ரோட்டில் எட்டுக்கு ஆறு கடை.
தலைக்கு மேல் வெள்ளை அட்டைக் கூரை,
அதற்கும் மேல் பழைய லாட்ஜின் தளம்,
நடுவே ஒரு முழம் இருட்டு.
அந்த இருட்டுக்கு மட்டும் வாடகை இல்லை.

நாலு நாளாக நாற்றம்.
முபாரக் ஊதுபத்தி கொளுத்தினான்,
பினாயில் ஊற்றினான்,
கடைசியில் பக்கத்து அல்வாக் கடையைச் சந்தேகப்பட்டான்.
வந்தவர்கள் மூக்கைப் பிடித்தபடியே
டெம்பர் கிளாஸ் விலை கேட்டார்கள்.

ஸ்டூல் போட்டு ஏறி ஒரு அட்டையைத் தூக்கினேன்.
ஒயர் கட்டுக்கு நடுவில், டார்ச் வெளிச்சத்தில்,
எலி என்று சொல்ல வால் மட்டும் மிச்சம்.
மற்றதெல்லாம் கொதிப்பு.
கை நீட்டினால் சூடு தெரிந்தது,
உலைமூடியைத் திறந்த மாதிரி.

பச்சை ஈக்குச் சாவு மணக்க
அரைமணி நேரம் போதுமாம்.
நாம் மூக்கைச் சுளிக்க இரண்டு நாள் ஆகிறது.
கண்ணோரம், வாயோரம், ஈரம் எங்கேயோ அங்கே
இருநூறு முட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.
பால் கிடையாது, காவல் கிடையாது,
திரும்பி வந்து ஒரு பார்வை கிடையாது.
தாயாக அவள் செய்வது ஒன்றுதான்:
இடம் பார்ப்பது.

புழுவுக்கு மூச்சு வாலில்.
தலையை உள்ளே விட்டால்
வயிறு நிறையும்வரை எடுக்கவே வேண்டாம்.
தனியாகத் தின்னத் தெரியாது அவிய்ங்களுக்கு,
எல்லார் எச்சிலும் சேர்ந்தால்தான் கறி கரையும்.
ஒரே பந்தி, ஒரே இலை,
இலைதான் சாப்பாடு.

நிறைந்ததும் எழுந்துவிடுகின்றன.
உண்ட இடத்தில் உறங்குவதில்லை.
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி
மண் தேடிப் போகின்றன.
உள்ளே இறங்கி, தோல் இறுகிக் கூடாகி,
இறக்கை முளைக்கும்வரை யாரும் தொடக்கூடாது.

இதெல்லாம் ராத்திரி யூடியூபில் பார்த்தது.
பகலில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
எலிக்குக் கீழே அட்டை,
அட்டைக்குக் கீழே டியூப்லைட்,
அதற்குக் கீழே கண்ணாடி, கிரானைட், டைல்ஸ்.
விழுந்தவை விழுந்த இடத்திலேயே
தரையைக் குத்திக் குத்திப் பார்த்தன.

ஸ்டூலில் நிற்கும்போதே போன். நாகஜோதி.
"வீடு பாத்தீங்களா?"
ஏழாம் மாதம் அவளுக்கு.
எல்லீஸ் நகரில் ஒன்று, பத்து மாத அட்வான்ஸ்,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
"மாடியா?"
"மாடிதான்."
"கீழ என்ன இருக்கு?"
பார்க்கவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்தாள்.

வெந்நீர் ஊற்றலாம் என்றான் முபாரக்.
போர்டு துடைக்கும் பிரஷ்ஷால்
போன வருசக் காலண்டர் அட்டையில் தள்ளி எடுத்தேன்,
எலியையும், எலியை விட்டு வந்தவற்றையும்.
தெருவில் மண் எங்கே இருக்கிறது?
பேவர் பிளாக், தார், சிமெண்டு.
பாதாளச் சாக்கடைக்கு மாநகராட்சி தோண்டி
மூடாமல் விட்ட பள்ளத்து ஓரம்
மூன்று மாதமாகக் கிடந்தது ஒரு குவியல்.
கவிழ்த்தேன்.
பத்து எண்ணுவதற்குள் ஒன்றும் இல்லை அங்கே,
வாலைத் தவிர.

ஏன் என்று முபாரக் கேட்கவில்லை.
கையைக் கழுவச் சொன்னான்.

எட்டு நாள் கழித்து,
உசிலம்பட்டி அம்மா ஒருவர் கொடுத்துவிட்டு
இரண்டு வருசமாக வாங்க வராத பட்டன் போனை
ஏதோ ஸ்குருவுக்காகத் திறந்தேன்.
பேட்டரி இல்லாத பள்ளத்தில்
வறுத்த கோதுமை நிறத்தில் ஒரு கூடு.
மூடி திறந்து, உள்ளே காலி.

கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக
ஒரு பச்சை ஈ முட்டிக்கொண்டிருந்தது.
கதவைத் திறந்துவிட்டேன்.
வாசலில் ஒரு வட்டம் போட்டு
அல்வாக் கடைப் பக்கம் திரும்பியது.