எட்டாம் நாள்

மாரிகாவின் வேலை
பொத்தானுக்குக் கீழே வரும் வரியை எழுதுவது.

பொத்தான் பச்சை, கட்டைவிரலுக்கு ஏற்ற அகலம்.
‘இலவசமாகத் தொடங்கு’ என்று அது சிரிக்கும்.
கீழே, சாம்பல்மேல் சாம்பலாக:
‘எட்டாம் நாள் முதல் மாதம்
ஒன்பது யூரோ தொண்ணூறு சென்ட்.’

அந்த வரி இருக்கவேண்டும் என்பது சட்டம்.
கண்ணில் படக்கூடாது என்பது காஸ்பர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே
என்று கேட்க நம்மிடம் ஒரு பழமொழி உண்டு.
தாலினில் பூசணியை ஊறுகாய் போட்டுவிடுவார்கள்.
மறைப்பதற்கு
எழுத்துரு இருக்கிறது.

அவர்கள் விற்பது மழை.
தகரக் கூரையில் மழை, கூடாரத்தின்மேல் மழை,
பைன் காட்டில் விட்டுவிட்டுப் பெய்யும் மழை,
தூக்கம் வராதவர்களுக்கு.
இடிக்குத் தனிக் கட்டணம்.

நவம்பரில், மூன்றரை மணிக்கே விளக்குப் போட்ட ஒரு மாலையில்
ஆர்வெத் என்பவரின் கடிதம் வந்தது.

‘வணக்கம். ஹெல்சிங்கி கப்பலில் சமையல் வேலை எனக்கு.
போன செப்டம்பரில் மூன்று இரவு உங்கள் மழையைக் கேட்டேன்.
பிறகு எஞ்சின் சத்தமே போதும் என்றாகிவிட்டது.
நேற்றுதான் வங்கித் தாளைப் பார்த்தேன்.
பதினான்கு மாதம்.
தப்பு என்னுடையதாக இருக்கலாம், கண்ணாடி மாற்றவேண்டும்.
ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள ஆசை:
நீங்கள் எப்போதாவது சொன்னீர்களா?’

திட்டியிருந்தால்
திட்டுகிறவர்களுக்கென்று ஒரு பதில் தயாராக இருக்கிறது.
அதை ஒட்டி அனுப்பியிருப்பாள்.

பழைய திரைகளைத் தோண்டிப் பார்த்தாள்.
சொல்லியிருந்தார்கள்.
ஒரு விரல் அழுத்தும் நேரம்,
காதில் விழாத அளவுக்கு.
அந்த வரி அவளே எழுதியது. நன்றாக எழுதியதற்கு
அந்த மாதம் ஒரு கேக் வாங்கிவந்தார்கள்.

அன்றிரவே புதிதாக ஒன்று எழுதினாள்:

‘நாளை மறுநாள் உங்கள் கணக்கிலிருந்து
ஒன்பது யூரோ தொண்ணூறு சென்ட் எடுப்போம்.
மழை பிடிக்கவில்லையா, மறந்தே போய்விட்டதா,
இங்கே அழுத்துங்கள். ஒரு தடவை போதும்.
ஏன் என்று கேட்கமாட்டோம்.’

காஸ்பர் இரண்டுமுறை படித்தான்.
நல்லவன்தான். இரண்டு பிள்ளைகள், ஒரு வீட்டுக்கடன்.
‘அழகாக இருக்கிறது. பாதிப்பேர் போய்விடுவார்கள்.’

‘அந்தப் பாதிப்பேர் எப்போதோ போய்விட்டார்கள், காஸ்பர்.
பணம் மட்டும்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.’

அவன் ஜன்னலைப் பார்த்தான்.
கீழே டிராம் ஒன்று காலியாகத் திரும்பியது.
சரி, என்றான்.
நூற்றில் ஒருவருக்கு அனுப்பு. ஒரு வாரம் பார்ப்போம்.

ஆக, உண்மைக்கும்
ஏழு நாள் இலவசம்.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனது.
இருநூற்று முப்பது பேர் அழுத்தினார்கள்.
பதினொரு பேர் நன்றி எழுதினார்கள்.
அதில் ஒருத்தி, ‘இது ஏதோ மோசடி என்று நினைத்தேன்’ என்றாள்.
வரைபடம் சறுக்குப் பலகையாக இறங்கியது.

ஏழாம் நாள், மாலை ஐந்தடிக்கும் முன்பே,
காஸ்பர் அதை ரத்து செய்தான்.
அவன் மட்டும் தேதியை மறப்பதில்லை.

ஆர்வெத்துக்குப் பணம் திரும்பிப் போனது,
நூற்று முப்பத்தெட்டு யூரோ அறுபது சென்ட்.
‘கிடைத்தது. கண்ணாடிக்கு இது போதவில்லை’
என்று பதில் வந்தது. வேறொன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு, தினமும் காலையில்
காப்பி ஆறுவதற்குள்
அந்த வரியின் சாம்பலை
ஒரு படி கறுப்பாக்குகிறாள் மாரிகா.
ஒரே ஒரு படி. யாரும் கவனிக்கவில்லை.
கணக்குப்படி பிப்ரவரிக் கடைசியில்,
பனி உருகாத ஏதோ ஒரு புதன்கிழமை,
கப்பல் சமையலறை வெளிச்சத்திலும்
கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

இதை மட்டும் அவள்
ஒருவரிடமும் சொல்லவில்லை.