காரணம் கட்டாயம்

குன்னூர் பெட்ஃபோர்டில், பேக்கரிக்கு மேல்மாடி.
காலையில் முதலில் வர்க்கி வாசனை ஏறிவரும்,
பின்னால் மூடுபனி,
அதற்கும் பின்னால் ஹாலம்மா, பஸ்ஸைத் திட்டிக்கொண்டே.

பழைய தளத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
எண்ணியவள் நான்.
அதற்கு முன் கோயம்புத்தூர் மேலாளர் சொன்ன கணக்கு
‘ஒரு ஐந்நூறு இருக்கும்மா.’

ஆறு எஸ்டேட், மூன்று ஃபாக்டரி,
மூடிவிட்ட ஆஸ்பத்திரியின் இன்னும் மூடாத நேர அட்டவணை,
முதலாளியின் மருமகன் ஒரு வருஷம் நடத்திய ஆர்க்கிட் வியாபாரம்.
அதன் கூடையில் யாரோ எடுத்துவைத்துக்
காசு கட்டாமல் போன மூன்று பூக்கள்.

எல்லாமும் புதிய இடத்துக்கு வராது.
வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்பம் எழுத வேண்டும்,
பர்லியார் மலைப்பாதை மாதிரி:
பழைய முகவரி இது, இனி அங்கே போ.
எழுத மறந்தால்
வண்டி நேரே நானூற்று நாலாம் பள்ளத்தில்.

தாளில் மூன்று முடிவுகள் மட்டும்:
கொண்டு போ. திருத்திக் கொண்டு போ. விடு.
வருஷத்துக்கு ஐம்பது வருகை இல்லாவிட்டால் விடு.
கடைசிப் பத்தி ‘காரணம்’.
விடுவதற்கு அது தேவையில்லை.
வைத்துக்கொள்ளத்தான் கட்டாயம்.

மூன்று வாரம். விடு, விடு, விடு.
‘கொழுந்து கிள்ளுற வேகம்’ என்றாள் ஹாலம்மா.
‘கவாத்து’ என்றார் ஏசுராஜன், திரையிலிருந்து திரும்பாமல்.
‘கிள்ளினா செடி மறந்திரும்.
கவாத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் முறைச்சிட்டு நிக்கும்.’

சர்வர் அவர் பொறுப்பு.
அவர் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி
இந்தத் தேயிலையில் வந்து இறங்கியவர்.
திட்ட அறிக்கைக்காக
மைக்ரேஷனுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தோம் ஒரு மதியம்:
இடப்பெயர்வா, குடிபெயர்ப்பா, நகர்த்தலா.
‘எங்க வீட்ல அதுக்கு “வந்தது”ன்னு பேரு’ என்றார்.
அறிக்கையில் நகர்த்தல் என்றே போட்டோம்.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வரிசை.
‘ஏழாம் டிவிஷன், லயன் வீடு ஒதுக்கீடு, திருத்திய பட்டியல்.’
கோணலாக ஸ்கேன் செய்த ஒற்றைத் தாள்.
அறுபத்தொரு பெயர். நாற்பதாவதன் மேல் ஒரு கறை.
ஏழாம் டிவிஷனில் இப்போது சீகை மரங்கள்தான்.

வருகை, மாதம் ஒன்று.
எந்த மாதமும் தவறவில்லை.
ஊர்: ஹட்டன்.

‘ஏதாவது போட்டா இருக்கும்’ என்றார் ஏசுராஜன்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
நாலு நிமிடம் தங்குகிறது.
விரலால் பெரிதாக்குகிறது.
எந்தப் பெயரை என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை.
‘இயந்திரத்துக்குக் கண்ணு மங்காது’ என்றார்.
அவர் அப்பாவின் பெயர் அதில் இல்லை.
நான் தேடவில்லை, அவர்தான் தேடினார்.

மேலாளர் போனில்:
‘பன்னிரண்டு வருகைக்கு ஒரு பக்கமா?
முகப்புக்குத் திருப்பி விட்டுடுங்க.’
முகப்பில்
பெங்களூரிலிருந்து வந்த மாடல் கூடை மாட்டிச் சிரிக்கிறாள்,
கீழே, நூறு கிராம் வெள்ளித் தளிர், இப்போதே வாங்க.
ஹட்டனில் ஒரு விரல் அவளைப் பெரிதாக்கிப் பார்ப்பதை
நினைத்தேன்.

காரணத்தை வெற்றாக விட்டேன். சிவப்புக் கட்டம்.
ஓர் இடைவெளி மட்டும் தட்டினேன். மறுபடி சிவப்பு.
‘ஒருவர் வருகிறார்’ என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.

சனி இரவு மாற்றம்.
பத்தரைக்குக் கரண்ட் போனது, யுபிஎஸ் பூனை மாதிரி கத்தியது.
பழைய எழுத்துருவில் இருந்த தமிழெல்லாம்
கேள்விக்குறிகளாக வந்து இறங்கின.
விடியும்வரை அவற்றை எழுத்தாக்கினோம்.
ஸ்கேன் தாள் மட்டும் சேதமில்லாமல் வந்தது,
அதே கோணலோடு, அதே கறையோடு.

மாதம் முடிய எட்டு நாள் பாக்கி.
டீக்கு முன்னால் ஏசுராஜன் லாகைத் திறக்கிறார்.
நாங்கள் கேட்பதில்லை.
வர்க்கியை உடைக்காமல்
அப்படியே டீயில் முக்கினால்
இன்றைக்கும் இல்லை.