மணிமுடிக்கு ரசீது

வேலந்தாவளம் சாவடியில்
இரவு ஏழேகாலுக்கு
நவார் நாட்டை நிறுத்தினார்கள்.

முன்னால் கோழிக் கூண்டு வண்டி,
பின்னால் வைக்கோல்,
நடுவில் எங்கள் டெம்போ:
மூன்று மணிமுடி, பதினோரு வாள்,
தெர்மக்கோல் சிங்கம் ஒன்று.
அதன் இடது காது எட்டிமடையிலேயே உதிர்ந்துவிட்டது.

"பில் எவிடே?"
டார்ச் வெளிச்சம் உள்ளே ஏறி
ஜிகினாவில் பட்டு
அவர் முகத்துக்கே திரும்பியது.

பில் இல்லை.
கோயமுத்தூர் வாடகைக் கடையில்
பில் என்று வாயெடுத்தால்
கொடுத்த துணியை எண்ணி உள்ளே வைத்துக்கொள்வார்கள்.

"ஆரா ராஜாவு?" சிரிக்காமல்தான் கேட்டார்.
சூசைராயன் இறங்கினான்.
கட்டம்போட்ட லுங்கி, ஒற்றைச் செருப்பு;
மற்றது சிங்கத்துக்கு அடியில்.
பகலெல்லாம் கள்ளுவண்டிக்குக் கன்னாஸ் ஏற்றுகிறவன்.
வருஷத்தில் ஓர் இரவு மட்டும்
பிரனீஸ் மலைக்கு இந்தப் பக்கம் அவனுடையது.

நான் அவன் ராணி, ஊராக்கா.
மீசையை மத்தியானமே வழித்தாயிற்று.
மேலுதட்டில் காற்று புதுசாகப் பட்டது.
அதிகாரி என்னைப் பார்த்தார்.
நான் சிங்கத்தைப் பார்த்தேன்.

ஏட்டில் எங்கள் கதை இப்படி:
மேற்கே கஸ்தீலன், கிழக்கே ஆரகோன்,
நடுவே வெற்றிலையில் தடவிய
சுண்ணாம்பு அளவு நவார்.
எவன் எல்லையைத் தள்ளினாலும்
ஒரு மகளைக் கொடுத்து நிறுத்துவார்கள்.
கோட்டைக்கு ஒருத்தி,
உப்பளத்துக்கு ஒருத்தி,
ஒரு பாலத்துக்குக்கூட ஒருத்தி போனாள்.
அவளுக்குப் பெயர் எழுதவில்லை.
'பாலத்துக் குமாரத்தி வந்தாளே' என்று ஒரு வரி,
மத்தளம் இரண்டு தட்டு,
போய்விடுவாள்.
அந்த வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல்
என் தங்கை மகனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தோம்.

தங்கையைக் கொடுத்தது
சாவடிக்கு அந்தப் பக்கம், மாவுத்தம்பதியில்.
ரேஷன் அட்டைக்கு ஏழு வருஷம் நடந்தாள்.
இங்கே பெயரை வெட்டிவிட்டார்கள்,
அங்கே எழுதவில்லை.
அந்த ஏழு வருஷமும்
எந்த அரசின் அரிசியும் தின்னவில்லை அவள்.

அதிகாரி தாளில் கோடு போட்டார்.
சாதனம்: கிரீடம். எண்ணம்: மூன்று.
விலை?

சூசைராயன் திரும்பிக்
கஸ்தீலனைத் தேடினான்.
கஸ்தீலன், அவன் மச்சான் இன்னாசி,
புளியமரத்தடியில் ஒன்றுக்குப் போயிருந்தான்.
கோழிகள் சத்தம் போட்டன.
"அட்டைதான் சார்" என்றான் அரசன் கடைசியில்,
"மேலே தங்கக் கலர் தாள். ஒண்ணுமில்ல."

பூஜ்யம் எழுதினார்.
ஊதா மையில் ஒரு குத்து.
மடித்து வைக்க லுங்கியில் பை ஏது?
ரசீதை முடிக்குள் செருகிக்கொண்டான்.

மூன்று மணிக்கு நவார் தோற்றது.
செபஸ்தியார் கோயில் மைதானத்தில்
பம்பலூனாக் கதவை இன்னாசி உதைத்த உதையில்
சிங்கமும் சேர்ந்து சாய்ந்தது.
சனம் விசிலடித்தது.
வியர்வை வழிய வழிய
என் மடியில் செத்தான் சூசைராயன்.

செத்தவன் முடியைக் கழற்றுவது
ராணியின் வேலை.
கழற்றினேன்.

நெற்றியில் ஊதா வட்டம்.
தேதி, கையெழுத்து, சாவடியின் பெயர்
எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தன.
பூஜ்யம் மட்டும் நேராக இருந்தது.

ஒப்பாரியின் முதல் வரி
எனக்கு வரவில்லை.
மத்தளம் இரண்டு தரம் எடுத்துக்கொடுத்தது.

"பாடுடா" என்றான் செத்தவன்,
உதடு அசையாமல்.