நேரப் புலம்

ரூவியில் ஐந்தாம் மாடி. கண்ணாடிக்கு வெளியே
புல் முளைக்காத மலை
ஒன்பது மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிட்டது.
உள்ளே எனக்கு இருபத்தோரு டிகிரி, ஒரு சால்வை,
ஆறிப்போன கரக் சாயா.

சட்டகம் தரும் புலங்கள் எங்களுக்குப் போதவில்லை.
பெயருக்கு ஒன்று இருந்தது, தேதிக்கு ஒன்று,
ஆம், இல்லை சொல்ல ஒரு சின்னச் சதுரம்.
வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம்,
நடுவில் மூச்சு வாங்கிய நேரம்
மூன்றையும் ஒரே கட்டத்தில் வாங்க
நானே ஒரு புலம் கட்டினேன்.
எந்தப் புலத்துக்கும் இரண்டே கடமை:
தன்னைக் காட்ட வேண்டும்,
வந்ததைச் சரிபார்க்க வேண்டும்.
மிச்சத்தை விதிகள் பார்த்துக்கொள்ளும்.

விதி என்று எழுதினால் ஜாதகம் மாதிரி இருக்கிறதென்று
கோப்புக்கு ரூல்ஸ் என்றே பெயர் வைத்திருந்தேன்.
மாதம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால்,
இடம் வெட்டவெளி என்றால்,
பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை
ஏற்காதே.
இருபத்தேழாவது வரி. எழுதியவள் நான்.
அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
வெயிலிலிருந்து ஆட்களைக் காப்பாற்றுகிறேன்,
அதுவும் உட்கார்ந்தபடியே.

மரிட்டெஸ் சோதித்தாள். 1:15 என்று தட்டினாள்.
கட்டம் சிவந்தது, ஒருமுறை குலுங்கியது, காலியானது.
அழகு என்றாள்.
குலுங்கல் என் யோசனை.

ஜூன் மாத அறிக்கை பளிங்கு போல வந்தது.
நான்கு தளங்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
மதியத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை.
கல்ஃபான் அதை வண்ணத்தில் அச்செடுத்தார்,
வண்ணமே இல்லாத தாளை.

ஜூலை பதினொன்று. வேறெதையோ தேடப் போய்
'குறிப்பு' என்ற கட்டத்தைத் திறந்தேன்.
இருநூறு எழுத்து, எது வேண்டுமானாலும்;
எந்த விதியும் எட்டிப் பார்க்காத மூலை.
பர்கா தளம். ஃபோர்மேன் இசக்கிபாண்டி.
"கான்கிரீட் வண்டி 12.50க்கு வந்துச்சு. நிறுத்தினா இறுகிரும்."
மறுநாள்:
"1.10 டு 2.40. எட்டு பேர். தண்ணி மூணு கேன்."
அதற்கு மறுநாள்:
"டைம் எடுக்க மாட்டேங்குது சார். இதுல எழுதுறேன்."
பிறகு வெறும் எண்கள். 1.05 - 3.00. 12.40 - 2.15.
பதினாறு நாள்.

சார் என்றது என்னைத்தான்.
படிவத்துக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக
நம்பி எழுதியிருக்கிறார்.
அந்த எட்டுப் பேர் அப்போது எங்கே என்று
தரவுத்தளத்தைக் கேட்டேன்.
ஓய்வில், என்றது.
கூலிக் கணக்கைக் கேட்டேன்.
அதுவும் ஓய்வில் என்றது.

வயலுக்கும் புலம் என்றுதான் பெயர்.
கண், காது, மூக்கு, நாக்கு, தோல்
அதெல்லாமும் புலம்தான்.
நான் கட்டியதற்குத் தோலை மட்டும்
மறந்துவிட்டேன்.

இரவு பத்தரைக்கு மலை கறுத்த பிறகு
இருபத்தேழாவது வரியைத் திறந்தேன்.
நீக்கவில்லை. அதன் கடைசிச் சொல்லை மாற்றினேன்:
ஏற்றுக்கொள். சிவப்பாகவே வைத்திரு. அழிக்காதே.
கீழே இரண்டு வரி சேர்த்தேன்:
பாதுகாப்புப் பிரிவுக்கு உடனே தெரிவி.
கூலியில் எழுது.
குலுங்கலை எடுத்துவிட்டேன்.
யாரிடமும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை கல்ஃபான் அச்செடுத்த தாளோடு
என் மேசைக்கு வந்து நின்றார்.
"இது பிழையா?"
"இல்லை."
தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.
பர்காவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று
பதினைந்து வருடமாக மஸ்கட்டில் வண்டி ஓட்டுபவர்
என்னிடம் கேட்டார்.
வேறெதுவும் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.
எதற்குப் போனார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மணி 1:22. திரையில் பர்கா தளம்.
ஒரு கட்டம் சிவந்து, சிவந்தபடியே நின்றது.
குறிப்பில் ஒரே சொல்:
"எடுத்துக்கிச்சு."