டீ கிளாஸ் நடந்த தூரம்

கடையில் வாங்கிய விசிறியில் ஓடியவரை
எங்கள் போட்டில் டீ கிளாஸ் நடக்கும்.
இஞ்சின் மூடியின் இந்த ஓரத்தில் வைத்தால்
காசிமேட்டு விளக்கு மறைவதற்குள்
அந்த ஓரம் போய்ச் சேர்ந்திருக்கும்.
விழும் முன் எடுத்துக் குடிப்பது
முதல் தங்கலிலேயே எனக்குக் கைவந்துவிட்டது.

மூன்று இலை, வெண்கலம்.
குமிழில் நம்பர் அடித்து, சாக்குச் சுற்றி,
ஒரே அச்சில் பிறந்த நூறில் ஒன்று.
எல்லாம் ஒன்றுதான் என்றான் விற்றவன்.
சூரியநாராயணா தெருப் பின்சந்தில்
ஹயாத் பாய் அதைக் கம்பியில் கோத்து
இரண்டு கத்திமுனைகளின் மேல் கிடத்தினார்.
சுண்டுவிரலால் ஒரு தட்டு.
சுற்றியது, ஆடியது, தயங்கியது,
ஒவ்வொரு முறையும் அதே இலை கீழே வந்து நின்றது.
எந்தக் கடையில் குடித்தாலும்
அதே வாசலில் வந்து விழுகிறவனைப் போல.

"இது உங்க போட்டுக்குப் பொறந்தது இல்லப்பா,
எல்லா போட்டுக்கும் பொறந்தது."

பாய் கேட்டது:
இஞ்சின் என்ன, எத்தனை டன் ஐஸ், வலை என்ன எடை,
பின்பக்கம் எவ்வளவு தாழும்.
ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்.
முன்விளிம்பை மெலித்து, பின்விளிம்பை
உள்ளங்கை குழிவதுபோல் லேசாகக் குழித்து,
இலைக்கு இலை அளந்து, தேய்த்து, மறுபடி அளந்து.
தட்டினால் இப்போது எங்கே வேண்டுமானாலும் நின்றது.
பதினெட்டாயிரம்.

டீசல் போக, ஐஸ் போக, ரேஷன் போக மிச்சத்தில்தான்
எங்களுக்குப் பங்கு.
பாய் கூலியும் போக, என்று எழுதினார்
ஓனர் தேசப்பன்.
எலிசா மட்டும் வாய்விட்டுக் கேட்டான்:
"விசிறி உன்னுது, செதுக்கின கூலி எங்களுதா?"
ஓனர் பேனாவை மூடிவிட்டார்.

புது விசிறியில் முதல் ராத்திரி
கிளாஸ் வைத்த இடத்திலேயே இருந்தது.
மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.
ஏழு வருடம் முதுகெலும்பைத் தாலாட்டிய அந்த உதறல்
காணவில்லை.
தூக்கமும் காணவில்லை.
அதுவரை கேட்காததெல்லாம் கேட்டது:
எலிசா பல் கடிப்பது,
தூக்கத்தில் வட்டிக்காரி பெயரை
மரியாதையோடு சொல்வது.

தங்கலுக்கு நூற்று நாற்பது லிட்டர் மிச்சம்.
விடியாத ஏலத்தில் முதல் கூடை எங்களுடையது.
நான்கு தங்கலில் பதினெட்டாயிரம் கழிந்து
என் கைக்கும் ஏதோ கூடுதலாக வந்தது.
பாயைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

ஐந்தாவதில், எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே
எவனோ அறுத்துவிட்ட கயிறு,
அதன் நுனியில் இரும்போ கல்லோ.
ஒரே ஒரு சத்தம்.
முக்குளித்து வந்த சம்பங்கி
விரலை மடித்துக் காட்டினான்:
சூடான அப்பளத்தின் ஓரம் போல.

கயிறு போட்டு இழுத்து வந்த போட்டில்
அச்சு விசிறிதான்.
போன வாரம் அதுவும் இப்படி ஒன்றை விழுங்கி
ஒரு செருமலோடு வந்துவிட்டதாம்.
அந்த டிரைவர் வழியெல்லாம்
பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தான்.
அவன் டீ கிளாஸ் எங்கே நடந்துகொண்டிருந்ததோ.

கூடத்தில் கிடந்த பழசை எடுத்து மாட்டினோம்.
அன்று நன்றாகத் தூங்கினேன்.
பங்கு பிரிக்கையில் முழுக்க விழித்துக்கொண்டேன்.

இன்று பாய் மடிந்த இலையைச் சூடுகாட்டி நிமிர்த்திவிட்டு
எங்களைப் பார்த்துக் கேட்கிறார்:
"அதே மெலிசா வேணுமா,
ஓரத்துல ஒரு நூல் கனம் வுடவா?"

மெலிசு, என்கிறார் ஓனர்.
கனம், என்கிறான் முக்குளிக்கிற சம்பங்கி.
கூலி யார் கணக்கு, என்கிறான் எலிசா.
எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.
கிளாஸ் பாதி வழியில் நிற்கிற மாதிரி ஒரு கனம்
இருக்கிறதா பாய், என்று கேட்க நினைக்கிறேன்.
அதற்குள் கிரைண்டரைப் போட்டுவிடுகிறார்.
பொறி பறக்கிறது.
நான்கு பேரும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.