பிறகு வா

வால்தீவியாவில் மழை என்பது செய்தியல்ல.
மருத்துவமனையின் நிலவறையில்
கொதிகலனுக்கும் சலவை அறைக்கும் நடுவே
நானும் மூன்று சர்வர்களும்.
மேலே யாரோ பிறக்கிறார்கள். இங்கே
நொடிக்குப் பதினொரு பேர் கதவைத் தட்டுகிறார்கள்.

பத்தில் ஒன்பது பொய்.
முகவரியில் முகம் ஒருவருடையது, வரி வேறொருவருடையது.
வங்கி என்பான். பெயர்ப்பலகையைத் திருப்பிப் பார்த்தால்
பின்னால் யார் வீட்டுக் குளிர்பெட்டியோ.

முதல்முறை வருகிறவனிடம் நான் சொல்வது ஒன்றே:
இப்போது முடியாது, பிறகு வா.
கோபத்தில் அல்ல. நானூற்றைம்பது என்றொரு எண், அவ்வளவுதான்.
மெய்யான தபால்காரன் போய்க் கால்மணி கழித்து
நனைந்தபடி திரும்பி வருவான்.
குப்பை சுமப்பவனுக்குப் பொழுதேது?
அடுத்த தெருவில் இன்னும் நாற்பது லட்சம் கதவுகள்.
ஆளைப் பிரித்தறிய
இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.
இரண்டாம் திருமணத்துக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

பிறகு சொற்களை நிறுக்கும் தராசு.
‘இலவசம்’ கனம். ‘அவசரம்’ அதைவிடக் கனம்.
‘வாழ்த்துகள்’ சந்தேகக் கேஸ்.
‘சிறுநீர்’ எங்களிடம் நல்ல சொல், உடனே உள்ளே விடுவோம்.
வயாகரா பற்றி மட்டும்
சிறுநீரகப் பிரிவோடு வழக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியில் பொறி.
நோய்க்குறியியல் மருத்துவர் ஒர்த்தென்சியா ஒயார்சூன்
இறந்தபின் இரண்டு வருடம்
அவர் பெட்டிக்கு வந்ததையெல்லாம்
‘இங்கே அப்படி யாருமில்லை’ என்று திருப்பினோம்.
தெரிய வேண்டியவர்கள் தெரிந்துகொண்டார்கள்.
அதன்பின் அந்தப் பெயரைப் பொறியாக்கினேன்.
அதற்கு எவன் எழுதினாலும் அவன் தெருவுக்கே கதவடைப்பு.
இறந்தவரைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறவன்
ஊருக்கு அந்நியன். இதுதான் கணக்கு.
ஒரே மாதத்தில் அறுநூறு திருடர்களை
அம்மாள் பிடித்துத் தந்தார்.
இருந்தபோதும் அவருடைய கண்ணாடிச் சில்லில்
தப்பிய செல் எதுவுமில்லை என்பார்கள்.

ஜூலையில் ஒரு வெள்ளி, பின்னிரவு.
சிலோயே தீவிலிருந்து தொலைபேசி.
கெம்சி மருந்தகத்தின் செவிலி, ரொசால்பா வென்சூர்:
“இரத்த முடிவு கேட்டு நான்கு முறை எழுதினேன்.
நான்கு முறையும் உங்கள் வாசல் என்னைத் துப்பியது.
படகு ஆறு மணிக்கு.”

பதிவுகளைப் புரட்டினேன்.
முந்தின நாள் அவளுடைய சர்வரிலிருந்தே
யாரோ ஒர்த்தென்சியாவுக்கு எழுதியிருக்கிறார்கள்.
சேதி எட்டாதவரும் அப்படித்தான் கூப்பிடுவார்
என்பதை நான் விதியில் எழுதவில்லை.

கதவைத் திறந்தேன். முடிவுகள் போயின. படகும் போனது.

பொறி எதையும் திருப்பாது, விழுங்கி வைத்திருக்கும்.
படிக்கக் கூடாதுதான். படித்தேன்.

‘டாக்டர், வாழ்த்துகள்.
புற்று இல்லை என்று நீங்கள் எழுதினீர்களே,
அந்தக் கட்டி என்னுடையது.
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு எடுத்துவைத்திருக்கிறேன்.
இலவசம். அவசரமில்லை,
முளைவிடுவதற்குள் வந்தால் போதும்.’

தராசு ‘அவசர’த்தை எடுத்துக்கொண்டு
‘இல்லை’யைக் கீழே போட்டிருந்தது.

பொறியை எடுக்கவில்லை.
அந்த ஒரு கைக்கு மட்டும் சிறு துளை விட்டேன்.
மற்றவர்களை அம்மாள் பார்த்துக்கொள்வார்.
பதில் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பெயரில் எழுதுவது?
பிறகு வா என்றும் சொல்ல முடியாது.

கெம்சிக்குப் பேருந்து செவ்வாய்க்கிழமை.
கிழங்கு முளைவிட எத்தனை நாளாகும் என்று
சலவை அறையில் கேட்டு வைத்திருக்கிறேன்.